பன்னிரண்டு ஏழைகள் தேவை

அர்ச். அகுஸ்தீன் மிஷன் கலாசாலையின் கத்தோலிக்க மாணவர் சங்கத்துக்கு 1956-ஆம் வருஷத் தபசு காலத்தில் ஒரு பெரிய கஷ்டம் வந்தது. ஏழைகள் கிடைக்கவில்லை. காரைக்காலில் ஏழைகளுக்கா பஞ்சம் என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். ஏழைகள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். சங்கத்துக்குத் தோதான ஏழைகள்தான் இல்லை.

கஷ்டத்தைக் கொண்டுவந்தவர் திபோ சாமியார். கலாசாலைக்குத் தலைவர், சங்கத்துக்கு ஆலோசகர், பிரான்சு தேசத்துக்காரர். காரைக்காலுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தமிழைப் பழைய ஞானோபதேசப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டவர் என்பதால், மீன்காரியிடம் விலை கேட்டாலும் பிரசங்கம் வைக்கிற மாதிரி இருக்கும். குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் சங்கத்தின் நிர்வாகிகளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். சங்கத்தில் மொத்தம் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருமே நிர்வாகிகள். பதவி இல்லாத ஆளைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை.

"பிள்ளைகளே, நமது கர்த்தர் பெரிய வியாழனன்று பன்னிரண்டு சீஷர்களுடைய பாதங்களைக் கழுவினார்" என்றார் சாமியார். "நீங்களும் பன்னிருவர். இந்த வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, நமது முற்றத்திலே, நீங்கள் பன்னிரண்டு ஏழைகளுடைய பாதங்களைக் கழுவுவீர்கள். பிற்பாடு அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து போஜனம் செய்வீர்கள். சகோதர நேசம் என்பது அதுவேயன்றோ?"

"ஆமா சாமி" என்றார்கள் பன்னிரண்டு பேரும். முதலில் சொன்னவன் சங்கத் தலைவன் சார்ல்.

சார்லுக்கு வயசு பத்தொன்பது. அப்பா சைகோன் துறைமுகத்துச் சுங்கத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். குடும்பம் மொத்தமும் பிரெஞ்சுப் பிரஜைகள். சாதி என்று கேட்டால், வெள்ளாளக் கிறிஸ்தவர்கள். இந்த இரண்டில் எது பெரிய பெருமை என்று அந்த வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. வெள்ளைக்காரன் கப்பல் ஏறிவிட்ட ஊரில் பிரெஞ்சு படித்தவன் மூட்டை தூக்கக்கூட லாயக்கில்லை என்று அப்பா தினமும் சாப்பாட்டு நேரம் பார்த்துச் சொல்லுவார். தப்பிக்க ஒரே வழி பாரீஸ். அங்கே ஒரு கத்தோலிக்க மாணவர் விடுதியில் இடமும் உதவித்தொகையும் கிடைக்க இருந்தன. அதற்கு திபோ சாமியார் கைப்பட ஒரு சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மாமாவின் மளிகைக் கடை. அங்கே ஒரு ஸ்டூலை இப்போதே துடைத்து வைத்திருந்தார்கள்.

மற்றவர்கள் போன பிறகு சாமியார் அவனை மட்டும் நிறுத்தினார். "உன் கடிதத்தை வியாழக்கிழமைக்குப் பிற்பாடு எழுதுவேன், சார்ல். உன்னைப் பார்த்துவிட்டு எழுதுவேன்."

சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு நேசம் வேறெங்கும் காணக் கிடைக்காது. சனிக்கிழமைதோறும் ஜெபமாலை சொல்லுவார்கள். பிறகு எலுமிச்சைச் சாறும் பிஸ்கோத்தும். பிறகு ஒருவரை ஒருவர் புகழ்ந்து தீர்மானம். அண்டை அயலாருக்குத் தொண்டு என்று வந்துவிட்டால் கேட்பானேன். போன வருஷம் கலாசாலை வளாகத்தில் மகிழங்கன்று நட்டார்கள். குழி வெட்டியவர் தோட்டக்காரர் லாசர். கன்றைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றவர்கள் சங்கத்தார். அதன் பிறகு தினமும் தண்ணீர் ஊற்றியவர் மறுபடியும் லாசர். மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோதும் போட்டோவில் விழுகிற இடம் மட்டும் சங்கத்தார் அடித்தார்கள், மிச்சம் முந்நூறு அடி லாசர். கோவில்பத்துப் பக்கம் எழுத்தறிவு வகுப்பு ஒன்றைத் தொடங்கி, மழை வரும் போலிருந்ததால் அன்றே மூடிவிட்டார்கள்.

லாசர் கலாசாலையில் மணி அடிப்பவர், கிணற்றில் தண்ணீர் இறைப்பவர், தோட்டம் பார்ப்பவர். ஐம்பத்தைந்து வயசு. விடியற்காலைப் பூசைக்கு ஒரு நாள் தவறியதில்லை. கோயிலில் அவருக்கு இடம் வடக்குச் சிறகில். சிலுவை வடிவில் கட்டிய கோயில் அது. நடுக் கூடத்தில் சார்ல் வீட்டைப் போன்ற குடும்பங்கள். வடக்குச் சிறகில் சேரியிலிருந்து வருகிற கிறிஸ்தவர்கள். இரண்டுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு மரக் கிராதி. வடக்கே நல்ல காற்று வருமாம், அதனால்தான் அவர்கள் அங்கே உட்கார ஆசைப்படுகிறார்களாம். சாமியார் ஊருக்கு வந்த புதிதில் யாரோ அப்படிச் சொல்லிவைத்தார்கள். அவரும் இருபத்திரண்டு வருஷமாக அதை நம்புவதாகவே வைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சங்கம் கூடியது. செயலாளன் ழான் ஒரு காகிதத்தை விரித்தான். சேரியிலிருந்து கேட்டால் பன்னிரண்டு என்ன, முப்பத்தாறு பேர் வருவார்கள். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"நாம கழுவப்போற கால் ஒரு மாதிரி பாக்க நல்லா இருக்கணும்ல" என்றான் ழான்.

"எந்த மாதிரி?" என்றான் பொருளாளன்.

"நம்ம மாதிரி."

சார்ல்தான் தலைவன் என்ற முறையில் தொண்டையைக் கனைத்தான். "இதுல வேற ஒண்ணும் இல்ல. சுகாதாரம். காலரா சீசன். அப்புறம் பக்கத்துல ஒக்காந்து சாப்புடவும் வேணும். அதனால பாதங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி போட்டுடுவோம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. உலகத்தில் பாதத்துக்கென்று கமிட்டி போட்ட முதல் சங்கம் அதுவாகத்தான் இருக்கும். சுகாதாரம் என்ற சொல் கிடைத்ததும் பன்னிரண்டு பேருக்கும் மூச்சு சீராக வந்தது. பிஸ்கோத்து சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கமிட்டி புறப்பட்டது. நடுக் கூடத்துக் குடும்பங்களிலும் நொடித்துப்போனவர்கள் இருந்தார்கள். தருமபுரத்தில் சந்தியாகுப் பிள்ளை அப்படி ஒருவர். சைகோன் வியாபாரம் முழுகியதில் எல்லாம் போய், ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே மூன்று பெண்களோடு இருந்தார். சார்லையும் ழானையும் பார்த்ததும் வாசலுக்கே வந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் வாங்கிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். சார்ல் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். கிழவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"யாரு ஏழை?" என்றார் கடைசியில்.

"அப்படி இல்லீங்க மாமா. சும்மா ஒரு சடங்குக்கு."

"எங்க வீட்டுல இன்னிக்கு உலை வைக்கல. அது வேற விஷயம். அதுக்காக என்னைய ஏழைன்னுடறதா? நாலு பேருக்கு முன்னாடி மணையில ஒக்காந்து காலை நீட்டுனா எம்பொண்ணுவளை எவன் வந்து கட்டுவான்? ஒங்கப்பாவும் நானும் ஒரே கப்பல்ல சைகோன் போனவங்க தம்பி. போயி அவரை மொதல்ல ஒக்காரச் சொல்லு."

இன்னும் ஐந்து வீடு ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இதே பதில், இதே காப்பி. பட்டினி கிடப்பவன் ஏழையாக மாட்டேன் என்கிறான், ஏழையாகத் தயாராக இருப்பவனை இவர்கள் கூப்பிட மாட்டேன் என்கிறார்கள். மத்தியானத்துக்குள் சார்லுக்கு வயிறு காப்பியால் நிரம்பிவிட்டது. மளிகைக் கடை ஸ்டூல் கண்ணுக்குள்ளேயே வந்து நின்றது. அழுகை வராத குறை.

அப்படியே பெரிய பள்ளிவாசல் பக்கமாக நடந்து வந்தபோதுதான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்கு வந்தவர்கள் தண்ணீர்த் தொட்டியின் கரையில் வரிசையாக உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். கணுக்கால் வரைக்கும், விரல் இடுக்கு விடாமல். சார்ல் நின்று பார்த்தான்.

"ழான், அந்தக் காலைப் பாரு" என்றான் மெதுவாக.

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒரு நாளைக்கு அஞ்சு தடவ கழுவுற காலு. நாம கழுவ ஒண்ணுமே பாக்கி இருக்காது. அதுல சேரி, தெருங்கிற பேச்சும் கெடையாது."

ழான் தலைவனை அண்ணாந்து பார்த்தான். இவன் பாரீசுக்குத்தான் லாயக்கு என்று அவனுக்கு அந்த நிமிஷம் உறுதியாகத் தோன்றியது. கத்தோலிக்கச் சடங்குக்குக் கத்தோலிக்க ஏழை வேண்டாமா என்ற சின்ன விஷயம் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. சுகாதாரத்தில் அவ்வளவு மும்முரம்.

தொட்டிக் கரையில் இருந்தவர்களில் சார்லுக்குத் தெரிந்தவர் நூர் அகமது மரைக்காயர். பினாங்கு கப்பலில் சரங்காக இருந்து மாலுமிகளை மேய்த்தவர். தலை நரைத்து இப்போது ஊரோடு இருக்கிறார். தொழுகை முடிந்து வெளியே வரும்வரை காத்திருந்து சார்ல் கும்பிடு போட்டான்.

"வியாழக்கெழமை எங்க பள்ளிக்கூடத்துல ஒரு விருந்துங்க. நீங்க அவசியம் வரணும். கூட ஒரு அஞ்சு பேரைக் கூட்டிட்டு வந்தா ரொம்ப சந்தோஷம்."

"என்னா விசேஷம் தம்பி?"

"எங்க பெருநாளுங்க. எல்லாரும் சேந்து சாப்புடலாம்னு. வர்றவங்களுக்கு நாங்களே காலுக்குத் தண்ணி குடுப்போம்."

மரைக்காயர் முகம் மலர்ந்தது. "நல்ல பிள்ளைவ. வர்றவனுக்குக் காலுக்குத் தண்ணி குடுக்கிறது மரியாதை தெரிஞ்சவங்க செய்யிறது. இன்ஷா அல்லாஹ், வர்றோம்."

ஏழை என்ற சொல் சார்ல் வாயிலிருந்து வரவே இல்லை. சந்தியாகுப் பிள்ளை வீட்டில் பட்டது போதும். மிச்சம் ஆறு பேருக்கு அம்பகரத்தூர் இளையபெருமாள் பிள்ளை அகப்பட்டார். கோயில் மடைப்பள்ளியில் சமைத்துக்கொண்டிருந்து, இப்போது வேலை இல்லாமல் பஸ் ஏறிக் காரைக்காலுக்கு வந்து போகிறவர். சமைப்பது யார், சைவமா என்று இரண்டே கேள்விதான் கேட்டார். திருப்தியான பதில் கிடைத்ததும், தம் பங்காளிகள் ஐந்து பேரோடு வருவதாக ஒப்புக்கொண்டார். ஆக, பன்னிரண்டு.

புதன்கிழமை மணியடித்துவிட்டு லாசர் சார்லைத் தேடி வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சின்னய்யா, நாளைக்குக் காலு கழுவுறாங்களாமே. பன்னெண்டு பேருன்னு சாமி சொன்னாரு. எனக்கு ஒரு எடம் இருக்குமா?"

சார்ல் இதை எதிர்பார்க்கவில்லை. "உனக்கா? நீ எதுக்கு லாசரு?"

"ஒண்ணுமில்ல. சின்னதுலேர்ந்து பெரிய வியாழக்கெழம பிரசங்கத்துல கேட்டுக்கிட்டே இருக்கேன். கிராதிக்கு அந்தாண்ட நின்னுதான் கேக்குறது. துணி, சாப்பாடு ஒண்ணும் வாணாம். சேசுநாதர் தன் சீஷர் இராயப்பருக்குச் செஞ்ச மாதிரி ஒரு தடவ செஞ்சா, செத்தா அந்த நெனப்போட போவேன்."

அவர் குரலில் வேடிக்கை எதுவும் இல்லை. சார்லுக்கு ஒரு கணம் என்னவோ போல் ஆனது. ஆனால் தலைவர்களுக்கு அப்படி ஆனால் சமாளிக்கத் தெரியும்.

"நீ இல்லாம நடக்குமா லாசரு?" என்று சிரித்தான். "பன்னெண்டு பேருக்கும் தண்ணி யாரு எறைக்கிறது? நீதான். அதைவிடப் பெரிய ஊழியம் உண்டா?"

லாசர் துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டார். "சரிங்க" என்றார்.

வியாழக்கிழமை முற்றத்தில் பந்தல் போட்டு, பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு பித்தளைத் தாம்பாளம், பன்னிரண்டு செம்பு, பன்னிரண்டு வெள்ளைத் துண்டு. எதிரே பெஞ்சுகளில் வாத்தியார்களும் பெற்றோர்களும். சார்லின் அப்பா முதல் வரிசையில் சைகோன் கோட்டைப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்தார். கிணற்றடியிலிருந்து லாசர் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அன்று அவர் வெளுத்த வேட்டி கட்டியிருந்ததையும், காலைச் செங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் குதிகால் சிவந்திருந்ததையும் யாரும் கவனிக்கவில்லை. எதற்காகத் தேய்த்தார் என்றால், எதற்காகவும் இல்லை. மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பதினொன்றுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். நூர் அகமது மரைக்காயர் பட்டுக்கரை லுங்கியும் துருக்கித் தொப்பியுமாக, அத்தர் வாசனை நாலு பக்கமும் பரவ வந்தார். பின்னால் அவருடைய சினேகிதர்கள் ஐந்து பேர், ஒருவர் கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. இளையபெருமாள் பிள்ளை கோஷ்டி நெற்றி நிறைய விபூதியோடு, அங்கவஸ்திரம் மடிப்புக் கலையாமல் வந்தது. சங்கத்தாரைவிட ஏழைகள் நன்றாக உடுத்தியிருந்தார்கள். பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சார்ல் யார் முகத்தையும் பார்க்காமல் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

திபோ சாமியார் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிசையைப் பார்த்தார். தூரப் பார்வை அவருக்குச் சுமார்தான். கைகளை விரித்தார்.

"ஏழைகளே, தரித்திரரே, இவ்வுலகத்தில் ஒன்றுமில்லாதவர்களே, நீங்கள் பாக்கியவான்கள்."

இளையபெருமாள் பிள்ளை திரும்பித் தமக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். யாரும் இல்லை. மரைக்காயரின் புருவம் ஏறியது.

சாமியார் கண்ணை மூடி, பரமண்டலங்களிலே இருக்கிற பிதாவை அழைத்து ஜெபத்தைத் தொடங்கினார். முதல் பாதியை அவர் சொன்னார். மறுபாதியை ஏழைகள் சொல்ல வேண்டும். அன்று அது அவர்கள் பங்கு என்று பெஞ்சுகளில் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். பன்னிரண்டு நாற்காலியிலிருந்தும் ஒரு சத்தம் இல்லை. கிணற்றடியிலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் கணீரென்று பதில் சொல்லி முடித்தது. லாசருடைய குரல்.

சாமியார் கண்ணைத் திறந்தார். கிட்டே வந்து குனிந்து பார்த்தார். ஆறு தொப்பி, ஆறு விபூதி. அவருக்கு விஷயம் புரிந்தது. புரிந்தது என்றால் தலைகீழாகப் புரிந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"சார்ல், என் மகனே. நான் பன்னிரண்டு ஏழைகளைக் கேட்டேன். நீ பன்னிரண்டு ஆத்துமங்களைக் கொண்டுவந்தாய். நமது வேதத்தில் சேர விரும்புகிற பன்னிரண்டு பேர். சனிக்கிழமை இரவுத் திருவிழிப்புப் பூசையில் நானே இவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பேன்."

இல்லை என்றால் கடிதம் போச்சு. ஆமாம் என்றால் ஊரே கிளம்பி வரும். அவன் வாய் ஆமாமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல் திறந்தபடி நின்றது.

மரைக்காயர் எழுந்தார். கோபத்திலும் குரலை உயர்த்தவில்லை. கப்பலில் நூறு பேரை ஏவியவருக்கு அந்த அவசியம் கிடையாது.

"தம்பி, ஞானஸ்நானம்னா என்னான்னு எனக்குத் தெரியும். பினாங்குல பாத்திருக்கேன். காலுக்குத் தண்ணின்னு கூப்புட்டுத் தலைக்கு ஊத்தப் பாக்குறீங்களே, இது நல்லா இருக்கா?"

"ஐயோ, அப்படி இல்லீங்க. சாமியார் தப்பா..."

"அது போவட்டும். ஏழைன்னாரே, அது யாரை? நோம்புக்கு நோம்பு எங்க வீட்டுலேர்ந்து உங்க அநாதைப் பிள்ளைவளுக்கு நாலு மூட்டை அரிசி வருது. உங்க சாமியாரைக் கேட்டுப் பாரு. உங்களுக்கு ஏழை வேணும்னா உங்க கோயில்ல இல்லாத ஏழையா? எங்க தெருவு வரைக்கும் வந்து தேடினீங்களே, எதுக்கு?"

அந்தக் கேள்வி முற்றத்தில் நின்றது. பெஞ்சுகளில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் பதில் தெரியும். மரைக்காயர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். ஐவரும் பின்னால் போனார்கள். இளையபெருமாள் பிள்ளை சமையல் கூடத்துப் பக்கம் ஒரு தடவை மூக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, மனசில்லாமல் தம் ஆட்களைக் கிளப்பிக்கொண்டு போனார். முருங்கைக்காய்ச் சாம்பாரும் பால் பாயசமும் மணத்துக்கொண்டிருந்தன.

அதற்குள் சங்கத்தில் பாதி ஆளைக் காணோம். ழானுக்குப் பாட்டுப் பயிற்சி ஞாபகம் வந்துவிட்டது. பொருளாளனுக்கு வயிற்றுவலி. ஒவ்வொருவராக மகிழங்கன்றுப் பக்கம் நழுவினார்கள். சார்ல் மட்டும் நின்றான். அவனுக்குத்தான் பாரீஸ் இருந்தது.

சாமியார் அவனைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை. "நம்முடைய ஏழைகள் எங்கே, சார்ல்?"

சார்ல் காலி நாற்காலிகளைப் பார்த்தான்.

"ஒருவரையாவது நீ கழுவ வேண்டும். இப்பொழுதே. இல்லாவிட்டால் உன்னைக் குறித்து நான் என்ன எழுதுவேன்?" சாமியார் சுற்றிலும் பார்த்தார். குடத்தோடு நின்றவர் ஒருவர்தான் அகப்பட்டார். "லாசர், நீ வந்து உட்கார்."

லாசர் குடத்தை இறக்கி வைத்தார். நம்பாமல் சாமியாரைப் பார்த்தார், சார்லைப் பார்த்தார். பிறகு மெதுவாக வந்து, முதல் நாற்காலியின் விளிம்பில், முழு நாற்காலியிலும் உட்காரக் கூடாது என்பதுபோல உட்கார்ந்தார். சிவந்த குதிகாலைத் தாம்பாளத்துக்குள் வைத்தார். முகம் முழுக்கச் சந்தோஷம். ஐம்பத்தைந்து வயசு ஆள், கோயிலில் முதல் நற்கருணை வாங்கப்போகிற பிள்ளை மாதிரி இருந்தார்.

சார்ல் முழங்கால் போட்டான். முன் வரிசையில் அப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது தெரிந்தது. ஒரு நிமிஷ வேலை, முடித்துவிட்டால் கப்பல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். செம்பை எடுத்தான். கையை நீட்டி அந்தக் காலைத் தொடத்தான் நினைத்தான். சத்தியமாக நினைத்தான். ஆனால் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. செம்பை விளிம்பில் பிடித்து, கை எட்டுகிற மட்டும் உயரத் தூக்கி, தெறிக்கிற தண்ணீர் தன்மேல் படாதபடி உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மேலேயிருந்து ஊற்றினான்.

தண்ணீர் கம்பியாக இறங்கியது. லாசருடைய இரண்டு கையும் முழங்காலிலிருந்து தாமாகவே எழுந்தன. ஒன்றோடொன்று சேர்ந்து குவிந்தன. தலை குனிந்தது. குவிந்த கையில் விழுந்த தண்ணீரை அவர் இரண்டு மடக்குக் குடித்துவிட்டார்.

பெஞ்சுகளில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்த காட்சி. அவரவர் வீட்டுக் கொல்லையில் தினம் நடப்பது. சேரி ஆள் தண்ணீர் கேட்டால் பாத்திரத்தைக் கொடுக்க மாட்டார்கள். எட்ட நின்று உயரத் தூக்கி ஊற்றுவார்கள், அவன் குனிந்து கையேந்திக் குடிப்பான். லாசருக்கு நடக்கக் கற்ற நாளிலிருந்து தண்ணீர் அப்படித்தான் வந்தது. மேலேயிருந்து விழுகிற தண்ணீருக்கு அந்தக் கைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

மூன்றாவது மடக்குக்குக் குனிந்தவர் பாதியில் நின்றார். நனைந்த கையைப் பார்த்தார். காலைப் பார்த்தார். கால் நனையவே இல்லை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே இறங்கிப் போனது.

"அவன் என்ன செய்கிறான்?" என்றார் சாமியார். இருபத்திரண்டு வருஷம் இந்த மண்ணில் இருந்தவருக்கு நிஜமாகவே தெரியாதா என்பது சர்வேசுரனுக்கே வெளிச்சம்.

சார்லுக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு வெட்கம் அவன் அதுவரை பட்டதில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

"தாகம் போல இருக்கு, சாமி" என்றான்.

லாசர் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா சாமி" என்றார். "தாகந்தான்."

சாமியார் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பெஞ்சுகளில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. லாசர் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

சனிக்கிழமை கடிதம் வீட்டுக்கு வந்தது. இரண்டு பக்கம், பிரெஞ்சில், கையெழுத்துக்குக் கீழே அரக்கு முத்திரையோடு, எல்லாரும் படிக்கும்படி திறந்த உறையில். அப்பா மூன்று தடவை படித்துவிட்டு, பேசாமல் மகன் தலையில் கை வைத்தார். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. "எனக்குத் தமிழ்ல சொல்லுடா" என்று சார்லைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அவன் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தான். நல்ல குடும்பம். உயர்ந்த புத்தி. மாணவர் சங்கத்தை நடத்திய திறமை. இரண்டாம் பக்கத்தின் அடியில் சாமியார் ஒரு வரியை மட்டும் அழுத்தமாக எழுதியிருந்தார். பாதம் கழுவ உட்கார்ந்த ஏழையின் தாகத்தை, அவன் வாய் திறந்து கேட்குமுன் அறிந்து தீர்த்த இளைஞன் இவன் என்று.

சார்ல் அந்த வரிக்கு வந்ததும் காகிதத்தை மடித்தான்.

"அடியில நீட்டமா இன்னும் ஒரு வரி இருக்கே. அது என்னடா?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா" என்றான் சார்ல். "தேதி."